மூச்சு வாங்குவது நம் விதியல்ல: லயத்துப் புகையும் நுரையீரல் இரத்த அழுத்தமும்



கொட்டாஞ்சேனையில் இருக்கும் நமது கொழும்புக் காரியாலயத்தின் பாதி வேலை சம்பளப் பிரச்சினையோ சேமலாப நிதிப் பிரச்சினையோ அல்ல. சுகவீனம்தான். கொழும்பில் கிளினிக் என்று மலையில் துண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் நாளே பஸ் ஏறி வந்து, சொந்தக்காரப் பையன் வேலை செய்யும் கடையின் மேல்மாடியில் படுத்து, விடியுமுன் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் நம் காரியாலயப் படியேறி வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு அக்காவைப் பற்றி முதலில் சொல்கிறோம். நாற்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். நமது காரியாலயத்துக்கு ஏற வேண்டியது பன்னிரண்டு படிகள்தான். நான்காவது படியில் நின்றார். எட்டாவதில் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. நான்கு வருடமாக ‘பம்ப்’ இழுக்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இழுப்பு என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் “மூச்சு வாங்குது” என்று அவர் சொன்னதைச் சிற்றூழியர் ஒருவர் சிங்களத்தில் “ஹதிய” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு மேல்மூச்சு என்றும் ஆஸ்துமா என்றும் இரண்டு பொருள். கார்டில் ஆஸ்துமா ஏறியது. ஏறியது ஏறியதுதான்.

கொழும்பில்தான் முதன்முறையாக இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த டயக்னோசிஸ் கார்டை எங்களிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: நுரையீரல் இரத்த அழுத்தம்.

“ஏன் தம்பி, கையில கட்டி பிரஷர் பாத்தாங்க, நல்லாயிருக்குனு சொன்னாங்க. இப்ப இங்க பிரஷர்ங்கிறாங்க. எது உண்ம?” என்று கேட்டார்.

இரண்டும் உண்மை. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம். இது வைத்தியர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். படித்து முடித்த பிறகு, இது தொழிற்சங்கத்தின் விஷயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பிரஷர், ஒரு கருவி

இதயத்தில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. கையில் கட்டிப் பார்ப்பது அந்த அழுத்தத்தை மட்டும்தான். வலப்பக்கம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் அனுப்புகிறது. கிட்டத்தில் இருப்பதால் மெதுவாகத் தள்ளினால் போதும். சுகதேகிக்கு உடம்பின் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 90 என்றால், நுரையீரல் நாடியில் அது 14 அளவில்தான் இருக்கும். 20ஐத் தாண்டினால் அது நுரையீரல் இரத்த அழுத்தம் என்று 2022இல் ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் வரையறுத்தன. அதற்கு முன் 25 வரை பொறுத்துப் பார்த்தார்கள். கையில் கட்டும் பட்டிக்கு இந்த அழுத்தம் தெரியவே தெரியாது. எக்கோவில் சந்தேகம் வரும். இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அளந்தால் உறுதியாகும்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? நுரையீரலின் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சுவர் தடிக்கிறது, உள்வழி ஒடுங்குகிறது. ஒரு குழாயின் உள்வழி பாதியாகக் குறைந்தால், அதற்குள் இரத்தத்தைத் தள்ளுவது இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு கடினமாகிறது. மெல்லிய வேலைக்குப் பழகிய வலப்பக்க இதயம் அந்தப் பாரத்தை எவ்வளவு காலம் சுமக்கும்? முதலில் பருக்கிறது, பிறகு தளர்கிறது. கால் வீங்குகிறது, வயிறு ஊதுகிறது, மேட்டில் ஏறும்போது மயக்கம் வருகிறது.

அப்படியானால் சுவர் ஏன் தடிக்கிறது? இங்கேதான் அழற்சி என்ற சொல் வருகிறது.

உள்ளங்கை காய்ப்பது போல

கொழுந்து பறிக்கும்போது மிலாறு குத்தினால் விரல் சிவந்து, வீங்கி, சுடும். அதுதான் அழற்சி. உடம்பு தன் காவற்காரர்களை அனுப்பிக் காயத்தைச் சுத்தம் செய்கிறது. இரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் அதே இடத்தில் தினமும் குத்துப்பட்டால்? கவ்வாத்துக்காரரின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். தோல் தோலாக இல்லை, தடித்துக் காய்ந்து கட்டியாகிவிட்டது.

நுரையீரல் இரத்தக் குழாயிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. புகைத் துகள், பழைய கிருமித் தொற்றின் மிச்சம், உடம்பு தன்னையே தாக்கும் வாத நோய், ஒட்சிசன் குறைவு இவற்றில் ஏதோ ஒன்று குழாயின் உட்பூச்சைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளணுக்கள் சுவரைச் சுற்றிக் குவிகின்றன. இன்டர்லூக்கின் 6 போன்ற இரசாயனச் செய்திகளை விடுகின்றன. அந்தச் செய்தியைக் கேட்ட தசைக்கலங்கள் பெருகுகின்றன, நார் படிகிறது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஒக்சைட் குறைகிறது, சுருக்கும் எண்டோதீலின் கூடுகிறது. சுவர் காய்த்துப்போகிறது.

முன்பெல்லாம் இந்த அழற்சியை நோயின் விளைவு என்றுதான் எண்ணினார்கள். விலங்குகளில் செய்த பரிசோதனைகளில் சுவர் தடிப்பதற்கு முன்பே அழற்சி தொடங்கிவிடுவதைக் கண்டார்கள். நோயை அது ஓட்டிச் செல்கிறது என்பது இன்று ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. எல்லா நோயாளிக்கும் ஒரே காரணம் இல்லை. வைத்தியர்கள் இந்த நோயை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். பரம்பரைக் கோளாறு உண்டு, இரத்தக் கட்டி அடைப்பு உண்டு, இடப்பக்க இதயத்தின் பழுது உண்டு. ஆனால் நம் லயங்களுக்கு மிக அருகில் இருக்கும் காரணங்களைப் பாருங்கள்: அடுப்புப் புகையால் கெட்ட நுரையீரல், பாதியில் மருந்தை விட்ட காசநோயின் தழும்பு, பிள்ளைக்கு வந்த தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டு அது வாதக் காய்ச்சலாகி இதய வால்வைச் சுருக்கியது. இந்த மூன்றுமே அழற்சியில் தொடங்குபவை. மூன்றுமே தடுக்கக்கூடியவை.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: “மலையில ஏறினா யாருக்கும் மூச்சு வாங்கும்.” நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். உயரத்தால் வரும் நோய்களைப் பற்றி வைத்தியர்கள் பேசுவது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல். நம் தோட்டங்கள் அதற்குக் கீழே. மலை நம்மை நோயாளி ஆக்கவில்லை. இருநூறு வருடமாக இந்த மலையில் ஏறி இறங்கும் சனத்துக்கு எது மேட்டு மூச்சு, எது நோய் மூச்சு என்று தெரியும். நேற்று நிற்காமல் ஏறிய மேட்டில் இன்று மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் அது நோய்.

இரண்டாவது சாக்கு: “பீடி, சுருட்டு, வெற்றிலை. உங்கள் பழக்கம்தான்.” இதற்குப் பதிலை ஒரு தமிழ்ப் பெண் வைத்தியர் அறுபது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். எஸ். பத்மாவதி, 1917இல் பர்மாவில் பிறந்தவர். யுத்தத்தில் அங்கிருந்து தப்பி கோயம்புத்தூருக்கு வந்த குடும்பம். பின்னர் இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று பெயர் பெற்றார். 1950களில் டில்லியில் நுரையீரல் நோயால் வலப்பக்க இதயம் பருத்த நோயாளிகளை ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களில் புகைபிடித்தவர்கள் குறைவு. பிறகு எப்படி வந்தது? சிறுவயது முதல் விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்ததுதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். அந்தக் கட்டுரை 1959இல் வெளிவந்தது. 1993இல் மெக்சிகோ வைத்தியர்கள், பல வருடம் விறகுப் புகையைச் சுவாசித்த, புகைபிடிக்காத நோயாளிகளிடம் இதே நோயைக் கண்டு எழுதினார்கள். பெரும்பாலோர் பெண்கள். பத்மாவதி அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். அவர் எழுதியதை நம் தோட்ட நிர்வாகங்கள் இன்னும் படிக்கவில்லை.

மூன்றாவது சாக்குதான் மிகத் தந்திரமானது: “அழற்சி பற்றிய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.” ஆம், முடியவில்லை. நாங்கள் மறைக்கவில்லை. இன்டர்லூக்கின் 6ஐத் தடுக்கும் மருந்தொன்றைப் பிரிட்டனில் இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக் குழாயின் தடை குறையவில்லை. வாத நோயோடு சேர்ந்து வரும் சில வகைகளில் அழற்சியை அடக்கும் மருந்து பலன் தருகிறது. சுவர் தடிப்பதையே குறிவைக்கும் சொடாடர்செப்ட் என்ற ஊசிக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் விலையை நம் வாயால் சொல்லவும் முடியாது. ஆகவே அழற்சிக்கு மருந்து என்று சொல்லி யாராவது ஸ்டீரொய்ட் மாத்திரையோ சூரணமோ விற்றால் வாங்கி விழுங்காதீர்கள்.

ஆனால் கேட்கிறோம்: மருந்து கண்டுபிடிக்க ஆராய்ச்சி முடிய வேண்டும், சரி. புகையை வெளியேற்ற எந்த ஆராய்ச்சி முடிய வேண்டும்? குவாத்தமாலா நாட்டு மலைக்கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியானது, கடுமையான நிமோனியா குறைந்தது. 2011இல் அதை வெளியிட்டார்கள். பாதிப் புகை போதாது, சுத்தமான எரிபொருள் வேண்டும் என்பதும் அதில் கிடைத்த பாடம். நமக்கோ அந்தப் பாதி கூட இல்லை.

மகள் காஸ் அடுப்பில், அம்மா மிலாற்றுப் புகையில்

அந்த அக்காவின் மகள் வெள்ளவத்தையில், காலி வீதியை அடுத்த தொடர்மாடி ஒன்றில் வீட்டு வேலை செய்கிறாள். ஐந்தாம் மாடி. கடல் காற்று. காஸ் அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் மின்விசிறி. தாளிக்கும்போது ஐயாவுக்கு இருமல் வந்தால் யன்னலையும் திறந்துவிட வேண்டும். மாதம் முடிந்ததும் வீட்டுக்குக் காசு அனுப்புகிறாள். அந்தக் காசில் அரிசியும் மாவும் வாங்கி, அம்மா பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஈர மிலாற்றை ஊதி ஊதிச் சமைக்கிறார். மழைக்காலத்தில் கதவு யன்னல் சாத்தியிருக்கும். அப்பன், பிள்ளை, கிழவி எல்லோரும் அதே புகைக்குள்தான் தூங்குகிறார்கள்.

வெள்ளவத்தைக்காரர்களோடு நமக்குச் சண்டை இல்லை. அந்த மின்விசிறி ஆடம்பரம் இல்லை, மனிதருக்கு வேண்டியது. அது மலையில் மட்டும் ஏன் ஆடம்பரம் ஆகிறது?

“காஸ் வாங்கிக்கொள்ளலாமே” என்பார்கள். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபா. அன்று நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டும். அந்த வருடம் அடுப்பை மறந்து மறுபடி மலையில் விறகு பொறுக்கப் போன குடும்பங்களை நாம் கண்ணால் கண்டோம்.

“புகைபோக்கி வைத்துக்கொள்ளலாமே” என்பார்கள். யாருடைய கூரையில்? லயம் நமது பெயரில் இல்லை. ஒரு தகரத்தை மாற்றுவதற்கும் நிர்வாகத்தின் வாயைப் பார்க்க வேண்டிய தோட்டங்கள் எத்தனை? கூரை கம்பனியுடையது என்றால் அந்தக் கூரைக்குக் கீழே தேங்கும் புகையும் கம்பனியின் கணக்கில்தான் சேர வேண்டும். இது புதிய கோரிக்கை அல்ல. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயாளியை அறிந்து உதவி செய்வதும் துரையின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டு வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் எழுதியதை விடக் குறைவாகக் கேட்கவா சங்கம் வைத்திருக்கிறோம்?

பாமசியில் நடந்தது

இன்னொரு தங்கச்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை. இருபத்துநான்கு வயது. மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் இருந்திருப்பாள் என்றார்கள். இரண்டாம் முறை விழுந்தபோது முதலாளி கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பப் பார்த்தார். காரியாலயத்தோழர்கள் போய்ப் பேசி நிறுத்தினோம். பரிசோதனையில் அவளுக்கும் நுரையீரல் இரத்த அழுத்தம். ஆனால் வகை வேறு, நாடிகளிலேயே தொடங்கும் வகை. சில்டெனாபில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வயகரா என்று 1998இல் சந்தைக்கு வந்ததே, அதே மருந்துதான். நுரையீரல் நாடியை விரிக்கும் என்பதால் இந்த நோய்க்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

துண்டை நீட்டியபோது பாமசிப் பையன் சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். அவள் துண்டைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மூன்று வாரம் மருந்து எடுக்கவில்லை. சங்கத்துப் பெண் தோழர் ஒருவர் கூடப் போய் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எடுத்தாள். மூச்சுக்காக மாத்திரை கேட்ட ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு வெட்கம் வர வேண்டும். அவளுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

அதே மாத்திரையை அந்த அக்காவுக்கும் வாங்கிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கூடாது. நுரையீரல் கெட்டு வந்த வகைக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒட்சிசன், நுரையீரலுக்கான மருந்து, புகையிலிருந்து விடுதலை. இரத்தக் கட்டியால் வந்த வகை என்றால் சத்திரசிகிச்சையாலே குணமாகக்கூடும். வகை தெரியாமல் வைத்தியம் இல்லை. வகை தெரிய எக்கோ வேண்டும், ஸ்கேன் வேண்டும், கேட்பதைப் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அந்த அக்காவின் மூச்சு நான்கு வருடம் ஒரு சிங்களச் சொல்லுக்குள்ளும் ஓர் ஆங்கிலக் கார்டுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தது.

நமக்கும் ஒரு கேள்வி

கம்பனியையும் அரசாங்கத்தையும் மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அது நேர்மை இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது நமது பழைய கோரிக்கைப் பத்திரங்களைப் புரட்டினோம். சம்பளம் இருக்கிறது, கொழுந்தின் நிறை இருக்கிறது, பெரட்டு நேரம் இருக்கிறது. புகை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அடுப்படி பெண்களின் காரியம் என்று நம்முடைய ஆண் தலைவர்களும் எண்ணியிருந்தார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இருமல் பற்றிப் பேசியவர்களுக்கு “சளி மருந்து எடுங்க” என்று பதில் சொல்லியிருக்கிறோம். அந்தப் பிழை நம்முடையது. ஒப்புக்கொள்கிறோம்.

இனி நாம் கேட்பது இவைதான்:

1. ஒவ்வொரு லயக்காம்பராவுக்கும் நிர்வாகச் செலவில் புகைபோக்கியோடு கூடிய தனி அடுப்படி. தோட்டக் குடும்பங்களுக்குக் காஸ் வாங்க மானியம்.

2. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி. அது கைக்குள் அடங்கும் சின்னக் கருவி, துரை பங்களாவின் ஒரு மாத விருந்துச் செலவுக்குள் அடங்கிவிடும்.

3. மலையக ஆதார வைத்தியசாலைகளில் எக்கோ பரிசோதனைக்கு நிரந்தர நாள். இரண்டு மாதத்துக்கு மேல் மூச்சு வாங்கும் எவரையும் எக்கோ பார்க்காமல் ஆஸ்துமா என்று எழுதி அனுப்பக் கூடாது.

4. கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவும் பஸ் காசும். கொழும்பு வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த உதவியாளர்கள். தமிழில் நோய் விபரத் துண்டு.

5. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பாரமற்ற வேலை. மேட்டு மலையில் கொழுந்து நிறை கேட்டு வாட்டக் கூடாது.

உங்கள் லயத்தில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. மேட்டில் ஏறும்போது மயக்கம், கால் வீக்கம், உதடு நீலமாதல் இவற்றில் எது இருந்தாலும் எக்கோ எடுக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் கசாயத்தோடு நிற்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காசநோய் மருந்தை வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். இந்த நோய் உள்ள பெண் கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து, முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள். காயாத மிலாற்றை அடுப்பில் வைக்காதீர்கள், பால்குடிப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஊதாதீர்கள்.

அந்த அக்கா இப்போது தோட்டத்தில் இருக்கிறார். வேலைக்குப் போக முடிவதில்லை. போன கிளினிக்குக்கு வந்தபோது காரியாலயப் படியேறவில்லை. நாங்கள் கீழே இறங்கிப் போய் வீதியோரத்தில் கதிரை போட்டுப் பேசினோம். மகள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். “அம்மாவுக்கு ஒரு காஸ் அடுப்பு வாங்கிட்டேன் அண்ணே, சிலிண்டருக்குத்தான் இன்னும் சேக்கணும்” என்றாள்.

தோட்டத் தலைவர்களே, தலைவியரே! அடுத்த மாதக் கமிட்டிக்கு வரும்போது உங்கள் டிவிஷனில் எத்தனை காம்பராவில் புகைபோக்கி இல்லை, எத்தனை பேர் பம்ப் இழுக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எக்கோ எடுத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத் தாளுக்குப் பக்கத்தில் அந்தத் தாளையும் வைப்போம்.

லயத்துப் புகையை ஒழிப்போம்! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!